விசுவேசுவரய்யாவும் பாதாள சாக்கடையும்

மைசூரு, ராமாபுரம்: சர் எம். விசுவேசுவரய்யா என்றதும் கிருஷ்ணராஜ சாகர் அணைதான் நம் நினைவுக்கு வரும். விடுமுறை நாளில் குடும்பத்தோடு பிருந்தாவனம் போய்வரும் நம்மவர்களும் அந்த அணையைக் காட்டித்தான் பிள்ளைகளுக்கு அவர் பெயரைச் சொல்வார்கள். ஆனால் தமது உத்தியோக காலத்தில் ஊர்களின் குடிநீருக்கும் சாக்கடைக்கும் அவர் பட்ட பாடு கொஞ்சமல்ல. அதைப் பேசுவோர் குறைவு. சாக்கடைக்கு யார் மாலை போடுகிறார்கள்?

சிக்கபள்ளாபூர் அருகே முத்தேனஹள்ளி என்னும் சிற்றூரில் 1861-ல் பிறந்தார். சிறுவயதிலேயே தந்தையை இழந்தார். பெங்களூரில் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுத்துக் கிடைத்ததில் தாமும் படித்து, 1881-ல் பி.ஏ. தேறினார். பிறகு புனாவில் இன்ஜினீயரிங் முடித்து, 1884-ல் பம்பாய் மாகாணப் பொதுப்பணி இலாகாவில் சேர்ந்தார்.

பத்தாண்டு கழித்து, சிந்து நதிக்கரையிலுள்ள சுக்கூருக்குக் குடிநீர் கொடுக்கும் வேலை அவரிடம் வந்தது. ஆற்று நீரோ சேறும் சகதியுமான கலங்கல். வடிகட்டும் தொட்டிகள் கட்ட நகரசபையிடம் பணமில்லை. ஆற்றுப் படுகையிலேயே கிணறு தோண்டச் செய்தார். மணலில் கசிந்து தெளிந்த நீர் அதில் ஊறியது. அதைப் பம்பு வைத்து மேலேற்றினார்கள். கோடையில் ஆற்று மணலைத் தோண்டி ஊற்று நீரில் குடம் நிரப்பும் நம் ஊர்ப் பெண்களுக்கு இது புதிதல்ல. ஒரு நகரம் முழுவதற்கும் செய்து காட்டியதில்தான் கெட்டிக்காரத்தனம். 1906-ல் ஏடன் துறைமுகத்துக்கும் குடிநீர், சாக்கடைத் திட்டம் வகுக்க அவரைத்தான் அனுப்பினார்கள்.

1908 செப்டம்பர் 28-ல் மூசி ஆறு பெருகி ஐதராபாத்தில் ஆயிரக்கணக்கானோர் மாண்டனர். அப்போது அவர் அரசு வேலையை விட்டிருந்தார். நிஜாம் அரசு அழைத்தது. கேட்டவற்றுள் முக்கியமானவை இரண்டு: இனி வெள்ளம் ஊருக்குள் வரக்கூடாது, ஊருக்குச் சாக்கடை வேண்டும். வெள்ளத்துக்கு அவர் சொன்ன வழி நகருக்கு மேலே நீர்த்தேக்கங்கள். உஸ்மான் சாகர் 1920-லும் இமாயத் சாகர் 1927-லும் முடிந்தன. கழிவுநீரை ஆற்றில் விடாமல் குழாய்களில் திரட்டி, ஊருக்கு வெளியே பண்ணை நிலத்தில் பாய்ச்ச வேண்டும் என்பது சாக்கடைத் திட்டத்தின் சாரம். மண்ணும் அதிலுள்ள நுண்ணுயிர்களும் அழுக்கைத் தின்றுவிடும், பயிருக்கும் உரமாகும். நீர்த்தேக்கங்கள் இன்றும் நிற்கின்றன. ஆனால் ஊர் பெருத்த வேகத்துக்குச் சாக்கடை வேலை ஈடுகொடுக்கவில்லை. இன்றைய மூசியைப் பார்த்தவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிறார்கள். அது அவர் பிழையல்ல.

1909-ல் மைசூர் சமஸ்தானத் தலைமை இன்ஜினீயரானார். 1911-ல் அணை வேலை தொடங்கியது. 1912 முதல் 1918 வரை திவான். 1955-ல் பாரத ரத்னா பெற்றார். நூறு வயதைக் கடந்து 1962 ஏப்ரல் 14-ல் காலமானார்.

மைசூரு வித்யாரண்யபுரத்தில் இன்றும் ஓரிடத்துக்கு 'சூயேஜ் பார்ம்' என்றே பெயர். கழிவுநீர் பாய்ந்த பண்ணை என்பது அதன் பொருள். அங்கும், ராயனகெரே, கெசரே ஆகிய இடங்களிலும் சுத்திகரிப்பு நிலையங்கள் உள்ளன. மைசூருவின் கழிவுநீர் சுத்தமானாலும் ஆகாவிட்டாலும் ஒரு பக்கம் காவிரிக்கும் மறுபக்கம் கபினிக்கும்தான் வடிகிறது. அவை இரண்டும் திருமகூடலு நரசீபுரத்தில் ஒன்றுகூடி, மேட்டூர் வழியாகத் திருச்சிக்கும் தஞ்சைக்கும், ஊரிலுள்ள நம் வீட்டுக் குடங்களுக்கும் போய்ச் சேருகின்றன.