கடவுளுக்குக் காபி வாங்கிக் கொடுத்தவர்

நான் ஒண்ணும் பெரிய படிப்பாளி இல்லீங்க. அரியர் பேப்பருக்குப் புத்தகம் தேடி நூலகம் போனவன், பக்கத்து அலமாரியில் புதுமைப்பித்தனிடம் மாட்டிக்கொண்டேன். அரியர் அப்படியேதான் இருக்கிறது!

இயற்பெயர் சொ. விருத்தாசலம். 1906-இல் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். பூர்வீகம் நெல்லைச் சீமை. அங்கே இந்துக் கல்லூரியில் 1931-இல் பி.ஏ. முடித்தபோது வயது 25. (அட, நம்ம ஆளு!)

சென்னைக்கு வந்து மணிக்கொடியில் கதைகள் எழுதினார். தினமணியில் வேலை பார்த்தார். கடவுளையே பட்டணத்துக்கு வரவழைத்து, கந்தசாமிப் பிள்ளையோடு காபி ஹோட்டலுக்கு அனுப்பிய குசும்பர் அவர். பிள்ளை கடவுளிடமே ஆயுள் சந்தா கேட்கிறார்! அந்த இடத்தில் நான் சத்தமாகச் சிரித்து, நூலகத்தில் திட்டு வாங்கினேன்.

எழுத்து சோறு போடவில்லை. சினிமாவுக்குப் போனார். சொந்தப் படக் கம்பெனியும் கைகொடுக்கவில்லை. பாகவதரின் ராஜமுக்திக்கு வசனம் எழுதப் புனே போனவர், காசநோயோடு திரும்பினார். 1948-இல் திருவனந்தபுரத்தில் காலமானார். வயது 42தான்.

2002-இல் அவர் எழுத்துகள் நாட்டுடைமையாயின. யார் வேண்டுமானாலும் அச்சிடலாம், அவருக்குத்தான் பிரயோஜனமில்லை.

எனக்கும் கதை எழுத ஆசை. அப்பாவிடம் இன்னும் சொல்லவில்லை. முதலில் அந்த அரியரை முடிச்சிடறேன்!