அரியலூர்ச் சீமையும் ஐயரவர்களும்

ஊர் ஊராய்ச் சுற்றிய முதியவர் ஒருவர், தாம் கண்டவற்றை எழுதித் தருவதாகப் பத்திரிகாலயத்துக்குக் கடிதம் விடுத்தால், அவருடைய வயதைக் கேட்டுப் புன்னகை புரியும் ஆசிரியர்கள் இன்றும் உளர். அன்னார் மகாமகோபாத்தியாய உ. வே. சாமிநாதையரவர்களின் சரித்திரத்தைச் சற்றே சிந்திப்பாராக.

ஐயரவர்கள் 1855-ஆம் ஆண்டு பிப்ரவரி மாதம் 19-ஆம் தேதி பிறந்தார். இளமையில் அவரை வளர்த்தது, இன்று பெரம்பலூர், அரியலூர் என இரு ஜில்லாக்களாக விளங்கும் சீமையேயாகும். தந்தையார் வேங்கடசுப்பையர் சங்கீத வித்துவான். அரியலூர் ஜமீனின் ஆதரவு குன்றிய பின்னர் அவருக்கு நிலையான வருவாய் இல்லை. குடும்பத்துடன் ஊர் ஊராகச் சென்று இராமாயணப் பிரசங்கம் செய்து ஜீவனம் நடத்தினார். குன்னம், காரை முதலிய ஊர்களிலிருந்த அன்பர்கள் அவரை ஆதரித்தனர். வித்தையை இனாமாகக் கேட்டு மகிழ்ந்துவிட்டு வெறுங்கையுடன் அனுப்பும் வழக்கம் அவர்களிடம் இல்லை.

மைந்தனும் அவ்வூர்களிலேயே தமிழ் பயின்றான். அரியலூரில் சடகோபையங்கார், குன்னத்தில் சிதம்பரம் பிள்ளை, செங்குணத்தில் விருத்தாசல ரெட்டியார் என, ஊருக்கு ஓர் ஆசிரியர் வாய்த்தார். 1871-இல் மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையை அடைவதற்கு முன்பே, தமிழின் சுவையை ஊட்டியவர்கள் இவர்களே.

1880-இல் கும்பகோணம் கலாசாலையில் தமிழ்ப் பண்டிதரானார். அப்பால் ஏடு தேடும் பிரயாணம் தொடங்கியது. கால்நடையாகவும் மாட்டு வண்டியிலும் ரயிலிலும் எத்தனையோ ஊர்களுக்குச் சென்றார். கரிவலம்வந்தநல்லூரில், பழைய ஏடுகளை ஆகம விதியென்று சொல்லி ஓமத் தீயில் இட்டுவிட்டனர் என்று கேட்டு உள்ளம் நொந்தார். எனினும் தளர்ந்தாரில்லை. 1887-இல் சீவக சிந்தாமணியும், 1892-இல் சிலப்பதிகாரமும், 1894-இல் புறநானூறும் அவரது உழைப்பால் அச்சேறின. 1937-இல் காந்தியடிகள் தலைமையில் சென்னையில் கூடிய பாரதீய ஸாஹித்ய பரிஷத்துக்கு வரவேற்புத் தலைவராக விளங்கினார்.

நாம் ஈண்டுச் சிறப்பாகக் கருதுவது அவரது முதுமையை. எழுபத்தைந்து வயது கடந்து, பெரும்பாலோர் சாய்வு நாற்காலியைத் தேடும் பருவத்தில், தாம் கண்ட ஊர்களையும் பழகிய மனிதர்களையும் பற்றிக் கலைமகள் முதலிய பத்திரிகைகளில் எளிய வசன நடையில் எழுதலானார். 1940-ஆம் ஆண்டு ஜனவரியில், எண்பத்தைந்தாம் பிராயத்தில், ஆனந்த விகடனில் தம் சரித்திரத்தைத் தொடங்கினார். நூறாண்டுகளுக்கு முற்பட்ட கிராமங்களில் மக்கள் எங்ஙனம் வாழ்ந்தனர், எதை உண்டனர், எவரை மதித்தனர் என்பதை அதனினும் தெளிவாகக் கூறும் நூல் தமிழில் அரிது. யுத்த காலத்தில் சென்னையை விட்டுத் திருக்கழுக்குன்றம் சென்ற ஐயரவர்கள், 1942-ஆம் ஆண்டு ஏப்ரல் 28-ஆம் தேதி காலமானார். சரித்திரம் முற்றுப்பெறாமலே நின்றுவிட்டது. அதைச் சில ஆண்டுகள் முன்னரே தொடங்கியிருந்தால் மிச்சமும் நமக்குக் கிடைத்திருக்குமன்றோ?

இதிலிருந்து நாம் அறிய வேண்டுவது ஒன்றுண்டு. அன்று நாடோடி வித்துவானுக்குக் குன்னத்து மக்கள் செய்ததை இன்று செய்ய வேண்டியவை பத்திரிகைகளே. தேச சேவை என்று சொல்லிக் கட்டுரையை இனாமாகப் பெற்றுக்கொள்வது நம்மிடையே வழக்கமாயிருக்கிறது. நாமும் இக்குற்றத்துக்கு விலக்கல்லோம். கிராமந்தோறும் செல்லும் ஊழியர்களும், அங்குள்ள முதியோர் கூறுவதைக் கேட்டு எழுதிக்கொள்ள மறக்கின்றனர்.

ஏடு தீயில் எரிந்தால் வருந்துகிறோம். முதியவர் ஒருவர் தாம் கண்டதைச் சொல்லாமல் மறைந்தால், அதுவும் ஓர் ஏடு எரிந்ததே ஆகும். அவர் கதவைத் தட்டும்போது வயதைக் கேளாதீர். எழுதியதை வாங்கிப் படியுங்கள். தக்க ஊதியத்தைக் கணக்கிட்டு அளியுங்கள். ஐயரவர்களுக்கு நாம் செலுத்தும் கடன் அதுவே.