கற்ற மொழியும் பெற்ற மொழியும்: மைக்கேல் மதுசூதன தத்தர்

வங்கக் கவிதையின் நடையைச் சில ஆண்டுகளுக்குள் மாற்றியமைத்த மைக்கேல் மதுசூதன தத்தர், இளமையில் வங்கக் கவிஞராக விரும்பியவர் அல்லர். ஆங்கிலத்தில் பாடி, ஆங்கிலேயர் நாட்டில் புகழ்பெற வேண்டும் என்பதே அவர் கண்ட கனவு. அக்கனவை அவர் உள்ளத்தில் விதைத்தது கல்லூரியில் பயின்ற ஆங்கில இலக்கியம். பல்லாண்டுகள் கழித்து வங்க மொழிக்குப் புதியதோர் யாப்பினைப் பெற்றுத் தந்ததும் அதே கல்விதான். இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட தொலைவே அவருடைய வாழ்க்கை.

1824 ஜனவரி 25 அன்று, இன்றைய வங்காளதேசத்தில் உள்ள யசோர் மாவட்டத்தில், கபோதாட்ச ஆற்றங்கரைச் சிற்றூராகிய சாகர்தாரியில் மதுசூதனர் பிறந்தார். தந்தை ராஜநாராயண தத்தர் கல்கத்தாவில் பெயர்பெற்ற வழக்குரைஞர். தாய் ஜானவி தேவி. கிருத்திவாசரின் இராமாயணமும் காசிராம் தாசரின் பாரதமும் தாய்வழியே பிள்ளைப் பருவத்தில் அவர் செவியில் விழுந்தன.

கல்லூரி நாட்கள்

கல்கத்தா இந்துக் கல்லூரி 1817இல் தோன்றியது. 1835இல் மெக்காலேயின் குறிப்பு அரசின் கொள்கையான பின்னர், ஆங்கிலக் கல்வியே உயர்கல்வி என்ற நிலை உறுதிப்பட்டது. மதுசூதனர் அக்கல்லூரியில் பயின்றபோது ஆங்கில இலக்கியம் கற்பித்தவர் கேப்டன் டேவிட் லெஸ்டர் ரிச்சர்ட்சன். அவரே கவிஞர், இதழாசிரியர், ஷேக்ஸ்பியரைப் படித்துக் காட்டுவதில் வல்லவர். ஆசிரியர் மீது மாணவர் கொண்ட பற்று, அவருடைய கையெழுத்தைப் போலவே தாமும் எழுதப் பழகும் அளவுக்குச் சென்றது. பைரனின் கவிதையும் வாழ்வும் அவரை ஆட்கொண்டன. 1842இல் பெண்கல்வி குறித்து ஆங்கிலத்தில் எழுதிய கட்டுரைக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. அவ்வாண்டிலேயே தம் ஆங்கிலக் கவிதைகளைப் பிரிட்டிஷ் இதழ்களுக்கு அனுப்பினார். வேர்ட்ஸ்வொர்த்துக்கு உரிமையாக்கியும் அனுப்பினார். பயன் விளையவில்லை.

அந்நாளில் இந்துக் கல்லூரியும் வடமொழிக் கல்லூரியும் ஒரே கட்டடத் தொகுதியில் இயங்கின. ஒரு பக்கத்தில் மதுசூதனர் பைரனைப் பயில, மறு பக்கத்தில் ஈசுவர சந்திர வித்யாசாகர் இலக்கணமும் தருக்கமும் பயின்றுகொண்டிருந்தார். ஒரே கூரையின் கீழ் இரு உலகங்கள் இருந்தன. பின்னாளில் ஒன்று மற்றொன்றைத் தாங்கிப் பிடிக்க நேர்ந்தது.

1843 பிப்ரவரி 9 அன்று மதுசூதனர் கிறித்தவம் தழுவினார். பெற்றோர் பேசிய திருமணத்தினின்று விலகும் விருப்பமும், இங்கிலாந்து செல்லும் வேட்கையும் இம்முடிவில் கலந்திருந்தன என்பர். அதனால் இந்துக் கல்லூரியில் தொடர இயலவில்லை. 1844 முதல் பிஷப் கல்லூரியில் கிரேக்கம், இலத்தீன், வடமொழி ஆகியவற்றைக் கற்றார். தந்தை பொருளுதவியை நிறுத்தியதும் அப்படிப்பும் முடிவுற்றது.

சென்னையில் எட்டாண்டுகள்

1848இன் தொடக்கத்தில், அறிந்தவர் எவருமற்ற சென்னைக்கு அவர் வந்து சேர்ந்தார். ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியில் ஆசிரியரானார். அவ்வாண்டே ரெபேக்காவை மணந்தார். சென்னையின் ஆங்கில இதழ்களில் எழுதினார். பின்னர், மாநிலக் கல்லூரியாக வளர்ந்த நிறுவனத்தின் உயர்நிலைப் பள்ளியிலும் பணியாற்றினார்.

பிருதிவிராசன், சம்யுக்தை கதையைப் பாடும் அவருடைய ஆங்கிலக் காவியமான 'சிறைப்பட்ட சீமாட்டி' 1849இல் சென்னையில் அச்சாயிற்று. எதிர்பார்த்த வரவேற்புக் கிட்டவில்லை. கல்கத்தா நண்பர் கௌர்தாஸ் பசாக் அதன் படியொன்றைக் கல்விக் குழுத் தலைவரான பெத்யூனிடம் சேர்ப்பித்தார். ஆங்கிலக் கல்வியால் பெற்ற சுவையையும் பயிற்சியையும் சொந்த மொழியின் கவிதையை உயர்த்தப் பயன்படுத்துவதே தக்கது என்று பெத்யூன் மறுமொழி விடுத்தார். அவ்வறிவுரை ஓர் ஆங்கிலேயரிடமிருந்து வந்தது.

அவ்வாண்டு ஆகஸ்டில் நண்பருக்கு எழுதிய மடலில் மதுசூதனர் தம் அன்றாட ஒழுங்கைத் தெரிவிக்கிறார். காலை 6 முதல் 8 வரை எபிரேயம். 8 முதல் 12 வரை பள்ளிப் பணி. 12 முதல் 2 வரை கிரேக்கம். 2 முதல் 5 வரை தெலுங்கும் வடமொழியும். 5 முதல் 7 வரை இலத்தீன். இரவு 10 வரை ஆங்கிலம். இவையனைத்தும் முன்னோர் மொழியை அணிசெய்வதற்கான ஆயத்தமே என்கிறார். எனினும் அந்த அட்டவணையில் வங்க மொழிக்கு ஒரு நாழிகையும் இல்லை. மடலும் ஆங்கிலத்திலேயே அமைந்தது. வங்கமொழி தம்மைவிட்டு நழுவுவதை உணர்ந்து, கிருத்திவாசரையும் காசிராம் தாசரையும் அனுப்பும்படி அவர் நண்பரை வேண்டியதும் இக்காலத்தில்தான். ஆயினும் மனம் உடனே திரும்பிவிடவில்லை. 1854இல் சென்னையில் அவர் வெளியிட்ட சொற்பொழிவு ஆங்கில மொழியையும் நாகரிகத்தையும் வானளாவப் புகழ்ந்தது.

தாயும் தந்தையும் மறைந்த பின், 1856இல் அவர் கல்கத்தா திரும்பினார். ரெபேக்காவும் நான்கு குழந்தைகளும் சென்னையிலேயே விடப்பட்டனர். பின்னர் ஹென்ரியேட்டா அவருடன் வாழ்ந்தார். மதுசூதனரின் கவிப்பெருமையைப் பேசும்போது, அவர் கைவிட்ட இக்குடும்பத்தை மறைத்துப் பேசுதல் முறையன்று.

யாப்பில் நிகழ்ந்த புரட்சி

1858இல் 'ரத்னாவளி' நாடகத்தை ஆங்கிலப் பார்வையாளருக்காக மொழிபெயர்க்கும் பணி அவரிடம் வந்தது. அதன் தரத்தில் நிறைவுறாத அவர், வங்கமொழியில் தாமே 'சர்மிஷ்டா' நாடகத்தை எழுதினார். அடுத்து, இயைபின்றி வங்கமொழியில் செய்யுள் அமையாது என்று ஜதீந்திரமோகன் தாகூர் கருத்துரைக்க, அமையும் என்று மதுசூதனர் வாதிட்டார். 1860இல் வெளிவந்த 'திலோத்தமா சம்பவ காவியம்' அவ்வாதத்திற்குச் சான்றாயிற்று. அச்சுச் செலவை ஜதீந்திரமோகனே ஏற்றார்.

வங்கத்தின் மரபு யாப்பாகிய 'பயார்' அடிக்குப் பதினான்கு அசை கொண்டது. எட்டாம் அசையில் நிறுத்தம் வரும். ஈரடிகள் இயைபால் இணையும். அவற்றோடு பொருளும் முடியும். மதுசூதனர் பதினான்கு அசைகளை அப்படியே வைத்துக்கொண்டார். இயைபை நீக்கினார். நிறுத்தத்தைப் பொருள் வேண்டும் இடத்திற்குப் பெயர்த்தார். வாக்கியம் அடியைக் கடந்து, வெள்ளம் கரை கடப்பதுபோல் அடுத்த அடிக்குள் ஓடியது. மில்டனிடம் கற்ற பாடம் இது. ஆனால் அளவு வங்கத்துக்கு உரியது. சொல்வளம் வடமொழியும் வங்கமும் தந்தது. ஆங்கில யாப்பை அவர் பெயர்த்து நடவில்லை. வங்க யாப்பின் கட்டைத் தளர்த்த ஆங்கிலத்திலிருந்து துணிவைப் பெற்றார்.

ஒன்பது சருக்கங்களாலான 'மேகநாதவத காவியம்' 1861இல் வெளிவந்தது. கம்பனில் களத்தில் பொருது மாயும் இந்திரசித்து, இங்கே வழிபாட்டில் அமர்ந்த நிலையில், கையில் படையின்றி இலக்குவனால் கொல்லப்படுகிறான். கவிஞரின் பரிவு இலங்கையின் பக்கம் நிற்கிறது. ஹோமரும் வர்ஜிலும் தாந்தேயும் மில்டனும் இக்காவியத்துக்குத் துணைநின்றனர். கதையோ தாயிடம் கேட்டது. அவ்வாண்டே காளிபிரசன்ன சிங்கரின் வித்யோத்சாகினி சபை அவருக்குப் பாராட்டு விழா எடுத்தது.

இறுதிக் காலம்

இவ்வெற்றிக்குப் பின்னும் பழைய கனவு அவரை விடவில்லை. 1862இல் சட்டம் பயில இங்கிலாந்து சென்றார். அங்கே புகழ் காத்திருக்கவில்லை, வறுமையே காத்திருந்தது. பிரான்சின் வெர்சேல்ஸ் நகரில் குடும்பத்துடன் கடனில் மூழ்கிய நாட்களில், பணம் அனுப்பிக் காத்தவர் வித்யாசாகர். அங்கிருந்துதான் பதினான்கடிப் பாக்களை வங்கமொழியில் அவர் இயற்றினார். கபோதாட்ச ஆறும், கிருத்திவாசரும், காசிராம் தாசரும் அவற்றுள் இடம்பெற்றனர். அயல்நாட்டு வடிவத்தில், அயல்நாட்டு மண்ணில் அமர்ந்து, பிறந்த ஊரின் ஆற்றை அவர் பாடினார். அப்பாக்கள் 1866இல் நூலாயின.

1867இல் வழக்குரைஞராகத் தாயகம் திரும்பினார். வருவாய் வந்தும் செலவைக் கட்டுப்படுத்த இயலவில்லை. 1873 ஜூன் 26 அன்று ஹென்ரியேட்டா மறைந்தார். மூன்று நாட்கள் கழித்து, ஜூன் 29 அன்று, கல்கத்தா மருத்துவமனையில் மதுசூதனர் காலமானார். அப்போது வயது 49.

நண்பர்க்கு மடல் எழுதுகையில் அவர் பெரும்பாலும் ஆங்கிலத்தையே கையாண்டார். வங்க யாப்பைப் பற்றிய விளக்கங்களும் அம்மொழியிலேயே உள்ளன. ஆகவே அவர் ஆங்கிலத்தைத் துறந்து வங்கத்துக்கு வந்தார் எனல் பொருந்தாது. கற்றதைக் கொண்டுவந்து இறக்கி வைக்கத் தக்க இடம் எதுவென்று காலந்தாழ்த்தியேனும் கண்டுகொண்டார் என்பதே பொருந்தும். கல்கத்தா லோயர் சர்க்குலர் சாலைக் கல்லறைத் தோட்டத்தில், அவரே தமக்கென எழுதி வைத்த பாடல் பொறிக்கப்பட்டுள்ளது. அவ்வழிச் செல்வோரை நின்று கேட்குமாறு அழைக்கும் அப்பாடல் சாகர்தாரியையும், கபோதாட்ச ஆற்றையும், தாய் தந்தையர் பெயரையும் சொல்கிறது. அதன் மொழி வங்கம்.