மாட்டைக் கொன்ற புல், மனிதரைக் காத்தது!

வேலப்பன்சாவடியில் எந்த மருந்துக் கடைக்காரரைக் கேட்டாலும் 'வார்பரின்' என்னும் மாத்திரை அவருக்குத் தெரிந்திருக்கும். இரத்தம் உறைந்து கட்டியாகாமல் தடுப்பது அது. சிலர் அதை ஆயுள் முழுவதும் விழுங்க வேண்டியிருக்கிறது. அதைக் கண்டுபிடித்தவர் கார்ல் பால் லிங்க் என்ற அமெரிக்க விஞ்ஞானி.

லிங்க் 1901-ம் ஆண்டு இந்தியானா மாநிலத்தில் பிறந்தார். தந்தை பாதிரியார். பிள்ளைகள் பத்துப் பேர், இவர் எட்டாவது. படித்துப் பட்டம் பெற்று, விஸ்கான்சின் பல்கலைக்கழகத்தில் பேராசிரியரானார்.

1933 பிப்ரவரியில் ஒரு சனிக்கிழமை. கடும் பனிப்புயல். எட் கார்ல்சன் என்ற விவசாயி அவருடைய ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தார். ஏறக்குறைய 190 மைல் வண்டி ஓட்டி வந்திருந்தார். வண்டியில் செத்துப்போன கிடாரி. பால் கேனில் உறையாத இரத்தம். கூடவே கெட்டுப்போன தீவனப் புல். மாட்டு வைத்தியரைத் தேடித்தான் அவர் வந்தார். அந்த அலுவலகம் பூட்டிக் கிடந்தது!

இந்தப் புல்லைப் போடாதே என்பதற்கு மேல் லிங்கால் பெரிதாக எதுவும் சொல்ல முடியவில்லை. பாவம், அந்த மனிதர் அதே புயலில் திரும்பிப் போனார்.

லிங்க் விடவில்லை. அவரும் மாணவர்களும் ஆறு ஆண்டுகள் அந்தப் புல்லோடு போராடினார்கள். 1939-ல் குற்றவாளி பிடிபட்டது. புல்லில் இயற்கையாகவே உள்ள மணப்பொருள், பூஞ்சணம் பிடித்ததும் வேறு பொருளாக மாறுகிறது. அது வைட்டமின் 'கே'யின் வேலையைக் கெடுக்கிறது. இரத்தம் உறைவதில்லை.

1945-ல் லிங்கைக் காசநோய் பிடித்தது. சானடோரியத்தில் படுத்தபடியே எலிகளைப் பற்றிப் படித்தார். இதே இனத்தில் வலுவான ஒன்று எலியைக் கொல்லுமே என்று தோன்றியது. 1948-ல் 'வார்பரின்' எலிமருந்தாக விற்பனைக்கு வந்தது. 1954-ல் மிகச் சிறிய அளவில் மனிதருக்கே மருந்தாயிற்று. மறு ஆண்டு மாரடைப்பு கண்ட ஜனாதிபதி ஐசனோவருக்கும் அதைக் கொடுத்தார்கள். எலிக்கு எமன், ஜனாதிபதிக்கு மருந்து!

லிங்க் 1978-ல் காலமானார். 1983-ல், இலண்டன் மருத்துவர் கிரகாம் ஹியூஸ் ஒரு நோயை விவரித்தார். உடலைக் காக்கும் காவல்படை தடம் மாறி, சொந்த உடலின் மேலேயே பாய்கிறது. காலிலும் நுரையீரலிலும் மூளையிலும் இரத்தம் உறைகிறது. சில பெண்களுக்குக் கரு தங்குவதில்லை. ஒருமுறை உறைந்துவிட்டால், பல ஆண்டுகள் சென்றாலும் மீண்டும் உறையும் ஆபத்து உண்டு. அதனால்தான் பலருக்கு ஆயுள் முழுவதும் மாத்திரை.

புதிய மாத்திரைகள் வந்துவிட்டன. ஆனால் இந்நோய் கடுமையாக உள்ளவர்களுக்குப் பழைய வார்பரினே மேல் என்று 2018-ல் வெளியான இத்தாலிய ஆராய்ச்சி ஒன்று காட்டியது.

அளவு குறைந்தால் இரத்தம் கட்டும், கூடினால் கசியும். ஆகவே அடிக்கடி இரத்தப் பரிசோதனை வேண்டும். கீரையில் வைட்டமின் 'கே' மிகுதி. இந்த வாரம் நாள்தோறும் முருங்கைக்கீரை, அடுத்த வாரம் ஒரு பிடிகூட இல்லை என்றால் கணக்குத் தப்பிவிடும். கர்ப்பிணிகளுக்குப் பெரும்பாலும் இம்மாத்திரையை நிறுத்தி, மருத்துவர்கள் 'ஹெபாரின்' ஊசி போடுகிறார்கள்.