கூடிப் பேசிய குற்றம்

இரண்டாம் ஆண்டு, பி.எஸ்ஸி. வேதியியல்

பொருநை பாயும் நெல்லைச் சீமை ஈன்ற பெருமக்கள் பலர். அவருள் கப்பலோட்டிய தமிழர் வ.உ. சிதம்பரனாரை அறியாத மாணவர் எவரும் இரார். கப்பலையும் செக்கையும் பள்ளிப் பாட நூலிலேயே படித்துவிட்டோம். ஆயினும் அவர் எந்தக் குற்றத்திற்காகச் செக்கிழுத்தார் என்று வகுப்பில் ஒருவரைக் கேட்டால், வெள்ளையனை எதிர்த்தார் என்பதற்கு மேல் விடை வருவதில்லை. நானும் அந்த அளவில்தான் இருந்தேன். அவர் கொலை செய்தவரல்லர், கொள்ளையடித்தவரல்லர். கூட்டம் கூட்டினார், பேசினார், பேசிய இன்னொருவருக்குத் துணை நின்றார். இதற்கு இரண்டு ஆயுள் தண்டனைகள் என்றால், சட்டம் என்பதுதான் என்ன என்ற ஐயம் எழுகிறதன்றோ? அந்த ஐயமே இக்கட்டுரைக்குக் காரணம்.

1872 செப்டம்பர் 5ஆம் நாள் ஒட்டப்பிடாரத்தில் உலகநாத பிள்ளைக்கும் பரமாயி அம்மைக்கும் மகனாகப் பிறந்தார். தந்தையும் வக்கீல், மகனும் வக்கீல். ஏழைகளின் வழக்குகளை எடுத்து நடத்தி உள்ளூர்க் காவல்துறையின் பகையைத் தேடிக்கொண்டதால், 1900இல் தொழிலைத் தூத்துக்குடிக்கு மாற்றிக்கொள்ள நேர்ந்தது. இக்காலத்து நிகழ்ச்சி ஒன்று அவ்வளவாகப் பேசப்படுவதில்லை. இராமையா தேசிகர் என்னும் பார்வையற்ற துறவியைச் சிதம்பரனார் தம் வீட்டில் வைத்து உணவளித்து வந்தார். தேசிகர் தாழ்த்தப்பட்ட குலத்தவர் என்பதால் உறவினர் சினந்தனர். அம்மையார் வள்ளியம்மையோ கணவரின் பக்கம் நின்றார். தேசிகர் அவ்வீட்டிலேயே இருந்தார். தீண்டாமையை ஒழிக்கும் 17ஆம் பிரிவு எழுதப்படுவதற்கு ஐம்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு வீட்டின் அடுக்களையில் அது நடைமுறைக்கு வந்துவிட்டது எனலாம்.

கப்பல் கதையை விரிக்கப் போவதில்லை. 1906 அக்டோபரில் சுதேசி நாவாய்ச் சங்கம் பதிவாயிற்று. மூலதனம் பத்து இலட்சம் ரூபாய். பங்கு ஒன்று 25 ரூபாய் வீதம் 40,000 பங்குகள். பாண்டித்துரைத் தேவர் தலைவர், சிதம்பரனார் உதவிச் செயலாளர். காலியா, லாவோ என்னும் கப்பல்கள் 1907இல் தூத்துக்குடிக்கு வந்தன, கொழும்புக்கு ஓடின. ஆங்கிலக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்துக் குறைத்துப் பார்த்தது. வாணிகப் போட்டியில் வெல்வது கடினம் என்ற நிலையில்தான் சட்டம் மேடைக்கு வருகிறது.

அப்போது தூத்துக்குடிக்கு வந்து சேர்ந்தவர் துறவிக் கோலத்தில் ஊர் ஊராகத் திரிந்த சுப்பிரமணிய சிவா. 1908 தொடக்கத்தில் கடற்கரையில் நாள்தோறும் கூட்டம். சிவா பேசுவார், சிதம்பரனார் பேசுவார். ஆயிரக்கணக்கானோர் மணலில் அமர்ந்து கேட்பார்கள்.

எங்கள் ஆழ்வார்திருநகரியில் வைகாசித் திருவிழாவில் ஒன்பது கருட சேவை நடைபெறும். நவதிருப்பதிப் பெருமாள்களும் ஓரிடத்தில் எழுந்தருள, கால் வைக்க இடமிருக்காது. இத்தகைய திருவிழாக் கூட்டங்களை வெள்ளையர் அரசு பொதுவாகத் தடுத்ததில்லை. மக்களின் மத வழக்கங்களில் தலையிடுவதில்லை என்று 1858இல் விக்டோரியா மகாராணியின் பிரகடனம் வாக்களித்திருந்தது. சாமியைச் சுற்றிப் பதினாயிரம் பேர் கூடலாம். சம்பளத்தைப் பற்றிப் பேச ஐந்நூறு பேர் கூடினால் ஆபத்து! சிவாவின் பேச்சில் பக்தியும் அரசியலும் பிரிக்க முடியாதபடி கலந்திருந்தன என்பதே அதிகாரிகளைத் திணற வைத்திருக்கும் என்பது என் எண்ணம். காவி உடுத்தியவர் பேசுவது சமயச் சொற்பொழிவா, இராஜத்துரோகமா?

1908 பிப்ரவரி 27 அன்று ஹார்வி நிறுவனத்தின் கோரல் ஆலைத் தொழிலாளர் வேலை நிறுத்தம் செய்தனர். கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் வேலை நேரக் குறைப்பும் அவர்கள் கோரிக்கைகள். சிதம்பரனாரும் சிவாவும் துணை நின்றனர். வேலை இழந்தவர்களுக்கு ஊரே உணவளித்தது. ஒன்பது நாட்களில் ஆலை முதலாளிகள் இறங்கி வந்தனர். வெற்றி பெற்ற கூட்டத்தைக் கண்டுதான் ஆட்சி அஞ்சுகிறது போலும். வங்கத்துத் தலைவர் பிபின் சந்திர பாலர் மார்ச் 9 அன்று விடுதலையாவதைக் கொண்டாட ஏற்பாடு நடந்தபோது தடை வந்தது. தடையை மீறிக் கூட்டம் நடந்தது. மாவட்டத்தை விட்டு வெளியேற வேண்டும், அரசியலில் ஈடுபடுவதில்லை என்று பிணை எழுதித் தர வேண்டும் என்றார் கலெக்டர் விஞ்ச். அவர்கள் மறுத்தனர். மார்ச் 12 அன்று சிதம்பரனார், சிவா, பத்மநாப ஐயங்கார் மூவரும் கைதாயினர்.

மறுநாள் திருநெல்வேலி எரிந்தது. கடைகள் அடைபட்டன; மாணவர்கள் வீதிக்கு வந்தனர்; நகராட்சி அலுவலகம், அஞ்சலகம், காவல் நிலையம் எல்லாம் தாக்கப்பட்டன. துப்பாக்கிச் சூட்டில் நால்வர் மாண்டனர். தீ வைத்ததை நான் போற்ற மாட்டேன். ஆனால் நிகழ்ச்சிகளின் வரிசையைக் கவனிக்க வேண்டும். கூட்டங்கள் நடந்த நாட்களில் ஊர் அமைதியாக இருந்தது. பேசியவர்களைச் சிறையில் அடைத்த பிறகே தீப்பற்றியது.

வழக்கு இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 124ஏ பிரிவின்கீழ் நடந்தது. 1860இல் அச்சட்டம் இயற்றப்பட்டபோது இப்பிரிவு அதில் இல்லை, 1870இல்தான் சேர்க்கப்பட்டது. அரசின்மீது வெறுப்பை உண்டாக்குவதே குற்றம் என்றது அது. பாரதியார் எதிர்த்தரப்புச் சாட்சியாக வந்து கூறியும் பயனில்லை. 1908 ஜூலை 7 அன்று நீதிபதி பின்ஹே தீர்ப்பளித்தார். இராஜத்துரோகத்திற்காகச் சிதம்பரனாருக்கு ஓர் ஆயுள் தண்டனை. சிவாவுக்கு உடந்தையாக இருந்ததற்காக இன்னொன்று. பேசிய சிவாவுக்குப் பத்தாண்டு, துணை நின்றவருக்கு அதனினும் மிகுதி! தம்பி மீனாட்சிசுந்தரம் இதைக் கேட்டு மனநிலை குலைந்தார். இலண்டனில் இருந்த இந்தியா மந்திரி மார்லி பிரபுவே இத்தண்டனையை ஏற்க இயலாதென வைஸ்ராய் மிண்டோவுக்கு எழுதினார். மேல்முறையீட்டிற்குப் பின் தண்டனை குறைந்தது. அதே ஜூலை மாதத்தில்தான் பம்பாயில் திலகருக்கும் இதே பிரிவின்கீழ் ஆறாண்டு விதிக்கப்பட்டது.

இன்றைய சட்டத்தில் அவர் நிலை என்னவாகும்? அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவு பேசவும், ஆயுதமின்றி அமைதியாகக் கூடவும் உரிமை தருகிறது. பொது ஒழுங்கு முதலிய காரணங்களுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் அதே பிரிவு சொல்கிறது. சமய உரிமை தரும் 25ஆம் பிரிவும் பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம் ஆகியவற்றுக்கு உட்பட்டதே. 1962இல் கேதார்நாத் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம், வன்முறையைத் தூண்டாத வெறும் கண்டனம் இராஜத்துரோகம் ஆகாது என்று 124ஏ பிரிவின் எல்லையைச் சுருக்கியது. 2022 மே மாதம் அப்பிரிவையே நிறுத்தி வைத்தது. 2024 ஜூலை 1 முதல் பழைய தண்டனைச் சட்டமே போய்விட்டது. ஆனால் புதிய சட்டத்தின் 152ஆம் பிரிவு அதன் பழைய நிழல்தான் என்று சட்டம் கற்றோர் பலர் வாதிடுகின்றனர். கூட்டத்தைத் தடுக்கும் 144 தடை உத்தரவும் 163 என்று எண் மாறி வாழ்கிறது.

மனுச் செய்யும் உரிமை இவற்றில் எளியது. எந்தக் குறையையும் மத்தியிலோ மாநிலத்திலோ வழங்கும் எந்த மொழியிலும் எழுதிக் கொடுக்கலாம் என்கிறது 350ஆம் பிரிவு. என் தந்தையார் எழுதப் படிக்கத் தெரியாதவர். தாலுகா அலுவலக வாசலில் மனு எழுதுவோரிடம் காசு கொடுத்து எழுதி வாங்குவார். என்ன எழுதியிருக்கிறது என்று அவருக்குத் தெரியாது. இப்போது அம்மனுக்களை நான் எழுதுகிறேன். திங்கட்கிழமை தோறும் ஆட்சியர் அலுவலகத்தில் நீளும் வரிசையில் நிற்கும்போது இந்த உரிமையின் அருமையும் தெரிகிறது, அதன் மெதுவான நடையும் தெரிகிறது. இதே தூத்துக்குடியில் 2018 மே 22 அன்று, தடை உத்தரவு இருந்த நாளில், ஸ்டெர்லைட் ஆலைக்கு எதிராக ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி மக்கள் ஊர்வலமாகச் சென்றனர். துப்பாக்கிச் சூட்டில் 13 பேர் உயிரிழந்தனர். இதை எழுதாமல் 1908ஐ மட்டும் எழுத என் பேனாவிற்கு மனம் வரவில்லை.

சிதம்பரனார் கோவை, கண்ணனூர்ச் சிறைகளில் இருந்து 1912 டிசம்பரில் விடுதலையானார். கடற்கரையில் ஆயிரமாயிரமாய்க் கூடிய மக்கள் சிறை வாசலில் இல்லை. கப்பல் கம்பெனி 1911இலேயே கலைக்கப்பட்டிருந்தது. தண்டனை பெற்றவர் என்பதால் வக்கீல் தொழில் செய்யும் சன்னதும் பறிபோயிருந்தது. சென்னையிலும் கோவையிலும் சிறு வாணிகம் செய்து வறுமையில் உழன்றார். தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் ஆராய்ந்தார். பின்னர் வாலஸ் என்னும் ஆங்கிலேய நீதிபதியின் உதவியால் சன்னது திரும்பக் கிடைத்தது. ஆங்கில ஆட்சியால் அழிந்தவர், அந்த ஆங்கிலேயரின் நினைவாகத் தம் மகனுக்கு வாலேசுவரன் என்று பெயரிட்டார். கோவில்பட்டியில் வக்கீலாக இருந்துவிட்டு, இறுதிக் காலத்தில் மீண்டும் தூத்துக்குடிக்கே வந்தார். 1936 நவம்பர் 18 அன்று அங்கேயே மறைந்தார்.