ஏழையின் கண்ணுக்கும் அளவெடுத்த மருத்துவர்: டாக்டர் ஜி. வெங்கடசாமி

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூரைத் தாண்டிய ஒரு சிற்றூரில் சாமை விதைத்துப் பிழைக்கும் மூதாட்டி ஒருவரை நினைத்துப் பாருங்கள். இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது. பேரனின் தோளைப் பிடித்தபடி போளூர் பஸ்ஸில் மலையிறங்கி ஆபரேஷனுக்கு வருகிறார். கண்ணுக்குள் வைக்கும் லென்ஸின் பவர் தவறிவிட்டால் என்ன செய்வார்? நம் வீட்டு உம்மாவுக்கு அப்படி நேர்ந்தால் மறுவாரமே வேறொரு டாக்டரிடம் அழைத்துப் போவோம். அவரோ பெரும்பாலும் திரும்பி வரமாட்டார். கிடைத்த பார்வை இவ்வளவுதான் என்று இருந்துவிடுவார்.

இப்படிப்பட்டவர்களின் கண்ணுக்காகவே வாழ்ந்தவர் டாக்டர் ஜி. வெங்கடசாமி.

1918 அக்டோபர் 1 அன்று எட்டயபுரம் பக்கம் அயன் வடமலாபுரத்தில் ஒரு விவசாயக் குடும்பத்தில் பிறந்தார். எழுதத் தாள் கிடையாது. ஆற்று மணலைப் பரப்பி அதில் விரலால் எழுதிப் படித்தார். உறவுப் பெண்கள் மூவர் அடுத்தடுத்துப் பிரசவத்தில் இறந்துபோனதைப் பார்த்த பிறகு, மகப்பேறு மருத்துவராக வேண்டும் என்று முடிவு செய்தார். மதுரை அமெரிக்கன் கல்லூரியில் படித்து, 1944இல் சென்னை ஸ்டான்லியில் மருத்துவப் பட்டம் பெற்று, ராணுவ மருத்துவப் பிரிவில் சேர்ந்தார்.

அங்கேதான் முடக்குவாதம் தாக்கியது. நீண்ட காலம் படுக்கையில் கிடந்தார். எழுந்தபோது கைவிரல்கள் கோணிப்போயிருந்தன. அந்தக் கையோடு பிரசவம் பார்க்க முடியாது. கண் மருத்துவத்துக்கு மாறி, 1951இல் மேற்படிப்பை முடித்தார். வளைந்த விரல்களுக்கு ஏற்ற கருவிகளை அமைத்துக்கொண்டு கத்தி பிடிக்கப் பழகினார். அந்த விரல்கள் தம் வாழ்நாளில் 1 லட்சத்துக்கும் மேற்பட்ட அறுவை சிகிச்சைகளைச் செய்தன. 1956 முதல் மதுரை அரசு மருத்துவக் கல்லூரியில் கண் துறையை நடத்தினார். ஊர் ஊராக முகாம் போட்டார். 1973இல் பத்மஸ்ரீ விருது வந்தது. 1976இல் ஓய்வு பெற்றதும், உடன்பிறந்தவர்களைச் சேர்த்துக்கொண்டு 11 படுக்கைகளோடு மதுரையில் அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். அவர் ஸ்ரீ அரவிந்தரைப் பின்பற்றியவர்; பெயரும் அங்கிருந்தே வந்தது.

புரையை எடுப்பது பழைய கலை. ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் எகிப்தில் அம்மார் இப்னு அலீ அல்-மவ்ஸிலீ துளையுள்ள ஊசியால் புரையை உறிஞ்சி எடுத்திருக்கிறார். ஆனால் எடுத்த இடம் வெறுமையாகவே இருந்தது. டாக்டர் வெங்கடசாமி ஆரம்பத்தில் செய்த ஆபரேஷன்களும் அப்படித்தான். பிறகு தடித்த சோடா புட்டிக் கண்ணாடி கொடுப்பார்கள். அது உடைந்தால் மறுபடி இருட்டு.

1949இல் லண்டனில் ஹரோல்ட் ரிட்லி முதன்முதலாகக் கண்ணுக்குள் செயற்கை லென்ஸ் வைத்தார். அந்த முதல் நோயாளிக்குப் பவர் தவறி, கடுமையான கிட்டப்பார்வை வந்துவிட்டது. விஷயம் இங்கேதான் இருக்கிறது. வெளியே போடும் கண்ணாடியை ஆபரேஷனுக்குப் பிறகு அளந்து கொடுக்கலாம், மாற்றலாம். உள்ளே வைப்பதை முன்கூட்டியே அளந்தாக வேண்டும்.

இரண்டு அளவுகள் முக்கியம். ஒன்று கருவிழியின் வளைவு. மற்றொன்று கண்ணின் முன்பின் நீளம். நீளத்தை ஏ-ஸ்கேன் என்ற ஒலியலைக் கருவி அளக்கும். 1980 வாக்கில் வந்த எஸ்ஆர்கே சூத்திரம் எளிதானது: 118 போன்ற, லென்ஸுக்குரிய ஓர் எண்ணிலிருந்து நீளத்தின் 2.5 மடங்கையும் வளைவின் 0.9 மடங்கையும் கழிக்க வேண்டும். நீளம் 23.5 மி.மீ., வளைவு 44 என்றால் விடை 19.65. அதே கண்ணை 22.5 என்று அளந்துவிட்டால் 22.15 வரும். 1 மி.மீ. பிசகுக்கு இரண்டரை பவர்! அளக்கும் முனையைக் கருவிழியில் கொஞ்சம் அழுத்தினாலே நீளம் குறைந்து காட்டும்.

ஏழைக்கு இதெல்லாம் எதற்கு, கண்ணாடி போதாதா என்று நிபுணர்களே கேட்ட காலம் அது. இறக்குமதி லென்ஸ் 100 டாலருக்கு மேல் விற்றது. அவர் ஒத்துக்கொள்ளவில்லை. 1992இல் டேவிட் கிரீன் என்ற அமெரிக்கரின் துணையோடு மதுரையில் ஆரோலேப் தொடங்கி, சுமார் 10 டாலருக்கு லென்ஸ் தயாரித்தார்கள். விலை குறைந்ததில் இன்னொரு நன்மையும் உண்டு என்பது என் எண்ணம். எல்லாப் பவரிலும் லென்ஸ் கையிருப்பில் இல்லாத இடத்தில், துல்லியமாக அளந்து என்ன பயன்?

அளப்பது யார்? பள்ளிப் படிப்பை முடித்த கிராமத்துப் பெண்கள். அவரின் தங்கை டாக்டர் ஜி. நாச்சியார் இந்தப் பயிற்சியை முன்னின்று வளர்த்தார். முகாமில் தேர்ந்தெடுத்த நோயாளிகளை பஸ்ஸில் மருத்துவமனைக்கு அழைத்து வந்து, உணவும் தங்குமிடமும் கொடுத்து, அளந்த பிறகே ஆபரேஷன். காசு கொடுப்பவருக்கும் கொடுக்காதவருக்கும் அளவெடுக்காமல் லென்ஸ் இல்லை.

திருமணம் செய்துகொள்ளாமலே வாழ்ந்த அவர் 2006 ஜூலை 7 அன்று காலமானார். அதற்கு முன்பே, கண்ணைத் தொடாமல் ஒளியால் அளக்கும் கருவிகள் வந்துவிட்டன. ஆனால் புரை மிகவும் முற்றியிருந்தால் அந்த ஒளி உள்ளே நுழையாது. மலையிலிருந்து தாமதமாக இறங்கி வருகிறவர்களுக்குப் பெரும்பாலும் அப்படித்தான் இருக்கும். அவர்களுக்கு இன்றும் ஏ-ஸ்கேன்தான். அந்த முனையை அழுத்தாமல் பிடிக்கத் தெரிந்த ஒரு பெண்ணின் கைதான்.