டேடோனாவின் நான்காவது வளைவு: டேல் எர்ன்ஹார்ட்டின் வாழ்வும் முடிவும்

2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 18-ஆம் தேதி. அமெரிக்காவின் ஃபுளோரிடா மாகாணத்தில் உள்ள டேடோனா பந்தயத் திடலில், 500 மைல் ஸ்டாக் கார் பந்தயம் கடைசிச் சுற்றை எட்டியிருந்தது. முதல் இரு இடங்களில் விரைந்த கார்கள் டேல் எர்ன்ஹார்ட்டின் சொந்த அணியைச் சேர்ந்தவை. ஒன்றை மைக்கேல் வால்ட்ரிப் ஓட்டினார். மற்றொன்றை எர்ன்ஹார்ட்டின் மகன் டேல் எர்ன்ஹார்ட் ஜூனியர் ஓட்டினார். அவர்களுக்குப் பின்னால், மூன்றாவது இடத்தில், கருப்பு நிறக் காரில் எர்ன்ஹார்ட் வந்துகொண்டிருந்தார்.

நான்காவது வளைவைக் கடந்தால் இலக்குக்கோடு. அங்கே ஸ்டெர்லிங் மார்லினின் காரும் எர்ன்ஹார்ட்டின் காரும் லேசாக உரசின. கட்டுப்பாடு இழந்த கருப்புக் கார் சரிவில் மேல்நோக்கித் திரும்பியது. கென் ஷ்ரேடரின் கார் அதன் மீது மோத, இரண்டும் கான்கிரீட் சுவரில் இடித்தன. வெற்றிக்கோட்டைத் தாண்டிய வால்ட்ரிப், தாம் பங்கேற்ற 463-ஆவது பந்தயத்தில் முதல் வெற்றியைக் கண்ட மகிழ்ச்சியில் திளைத்தார். அந்த வாய்ப்பைத் தமக்கு அளித்த மனிதர் உயிரோடு இல்லை என்பது அப்போது அவருக்குத் தெரியாது. அன்று மாலை மருத்துவமனையில் எர்ன்ஹார்ட்டின் மரணம் உறுதி செய்யப்பட்டது. அவருக்கு வயது 49.

பார்ப்பதற்கு அது பெரிய விபத்தாகத் தோன்றவில்லை. அதே பந்தயத்தில் சற்று முன்னர் டோனி ஸ்டூவர்ட்டின் கார் வானில் பறந்து கவிழ்ந்தும் அவர் பிழைத்திருந்தார். பன்மடங்கு கொடிய விபத்துகளிலிருந்து எழுந்து வந்த ஒருவர் இந்த மோதலில் இறந்தார் என்பதை நம்ப ரசிகர்களால் இயலவில்லை. ஏன் இறந்தார் என்ற கேள்விதான் பின்னர் அந்த விளையாட்டின் போக்கையே மாற்றியது.

ஆலை நகரத்துச் சிறுவன்

ரால்ஃப் டேல் எர்ன்ஹார்ட் 1951-ஆம் ஆண்டு ஏப்ரல் 29-ஆம் தேதி வடக்கு கரோலினா மாகாணத்தின் கன்னாபோலிஸ் நகரில் பிறந்தார். துணி ஆலையை நம்பி வாழ்ந்த ஊர் அது. தந்தை ரால்ஃப் எர்ன்ஹார்ட்டும் ஆலைத் தொழிலாளியாக இருந்தவரே. பின்னர் அந்த வேலையை விட்டுவிட்டு, மண் தடங்களில் நடைபெறும் கார் பந்தயங்களையே தொழிலாக ஏற்றார். 1956-இல் நாஸ்கார் அமைப்பின் ஸ்போர்ட்ஸ்மேன் பிரிவில் சாம்பியன் பட்டமும் வென்றார். வீட்டுக்குப் பின்னால் இருந்த பட்டறையில் தந்தை இயந்திரங்களைப் பிரித்துப் பூட்டுவதைப் பார்த்தே மகன் வளர்ந்தார்.

ஒன்பதாம் வகுப்போடு டேல் பள்ளிப் படிப்பை நிறுத்திவிட்டார். தந்தைக்கு அது பெரும் வருத்தத்தை அளித்தது. மகனோ பந்தய வீரராவது என்ற முடிவிலிருந்து பின்வாங்கவில்லை. 17 வயதில் திருமணம் நடந்தது. விரைவிலேயே குடும்பப் பொறுப்பும் வந்து சேர்ந்தது. பகலில் வெல்டிங் வேலை, வார இறுதியில் பந்தயம் என்று வாழ்க்கை ஓடியது. காருக்கான உதிரிப் பொருள்களைக் கடன் வாங்கி வாங்குவார். பரிசுப் பணம் கிடைத்தால் அடைப்பார். கிடைக்காவிட்டால் கடன் கூடும்.

1973-இல் தந்தை மாரடைப்பால் 45 வயதில் காலமானார். அப்போது டேலுக்கு வயது 22. தந்தையிடம் கற்றுக்கொள்ள வேண்டியவை இன்னும் எவ்வளவோ இருந்தன. படிப்பை விட்டதற்கு நியாயம் சொல்லும்படியான வெற்றி எதையும் தந்தை பார்க்கும்படி அவர் பெற்றிருக்கவுமில்லை. அந்த ஏக்கம் வாழ்நாள் முழுவதும் அவரைத் தொடர்ந்தது.

ஏழு பட்டங்கள்

1975-ஆம் ஆண்டு சார்லட் நகரில் நடந்த 600 மைல் பந்தயத்தில் நாஸ்காரின் முதன்மைத் தொடரில் எர்ன்ஹார்ட் அறிமுகமானார். 22-ஆவது இடமே கிடைத்தது. அடுத்த சில ஆண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகவே வாய்ப்புகள் வந்தன. 1979-இல் ராட் ஆஸ்டர்லண்ட் என்பவரின் அணி அவரை முழுநேர ஓட்டுநராக நியமித்தது. அந்த ஆண்டே பிரிஸ்டலில் முதல் வெற்றியைப் பெற்று, சிறந்த புதுமுக வீரர் விருதையும் வென்றார். மறு ஆண்டு, 1980-இல், தொடரின் சாம்பியன் ஆனார். புதுமுக விருது பெற்ற அடுத்த ஆண்டிலேயே சாம்பியன் பட்டம் வென்றவர் அதற்கு முன் எவரும் இல்லை.

1984 முதல் ரிச்சர்ட் சில்ட்ரெஸ் அணியின் 3-ஆம் எண் கார் அவருடைய அடையாளமானது. 1986, 1987, 1990, 1991, 1993, 1994 ஆகிய ஆண்டுகளிலும் பட்டம் வென்று, ரிச்சர்ட் பெட்டியின் ஏழு பட்டங்கள் என்ற சாதனையைச் சமன் செய்தார். 1987-இல் மட்டும் 11 பந்தயங்களில் வென்றார். மொத்த வெற்றிகள் 76.

முன்னால் செல்லும் காரின் பின்புறத்தைத் தட்டி வழி ஏற்படுத்திக்கொள்ள அவர் தயங்கியதில்லை. அதனால் அவரை வெறுத்தவர்களும் உண்டு. அதற்காகவே அவரைக் கொண்டாடியவர்களும் உண்டு. எதிராளியை அச்சுறுத்துபவர் என்ற பொருளில் அமைந்த பட்டப்பெயர் அவரோடு ஒட்டிக்கொண்டது. 1988-இல் காரின் நிறம் கருப்பாக மாறியபோது அந்தப் பெயர் மேலும் பொருத்தமாயிற்று. ஆலைகளிலும் பண்ணைகளிலும் உழைத்த தென் மாகாணத்து மக்கள், தங்களைப் போன்ற ஒருவர் பணிய மறுத்து முன்னேறுவதை அவரிடம் கண்டனர்.

காற்றோடு ஒரு போட்டி

எர்ன்ஹார்ட்டின் திறமை முழுமையாக வெளிப்பட்டது சூப்பர் ஸ்பீட்வே எனப்படும் மாபெரும் பந்தயத் தடங்களில். நாஸ்கார் நிறுவனர் பில் ஃபிரான்ஸ் 1959-இல் திறந்த டேடோனா தடத்தின் ஒரு சுற்று 2.5 மைல், அதாவது சுமார் 4 கிலோமீட்டர். வளைவுகள் 31 டிகிரி சாய்வில் எழுப்பப்பட்டவை. அலபாமா மாகாணத்தில் 1969-இல் திறக்கப்பட்ட டாலடேகா இன்னும் பெரியது. அங்கு ஒரு சுற்று 2.66 மைல், சாய்வு 33 டிகிரி. இத்தகைய சரிவுகளில் வேகத்தைக் குறைக்காமலே கார்கள் திரும்ப முடியும்.

1987-இல் டாலடேகாவில் பில் எலியட் தகுதிச் சுற்றில் மணிக்கு 342 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தை எட்டினார். அதே பந்தயத்தில் பாபி ஆலிசனின் கார் மேலெழும்பிப் பார்வையாளர் பகுதியின் வேலியைக் கிழித்தது. அதன் பிறகு, இந்த இரு தடங்களிலும் இயந்திரத்துக்குள் செல்லும் காற்றைக் குறைக்கும் தகடு 1988 முதல் கட்டாயமாக்கப்பட்டது. வேகம் குறைந்தது, ஆனால் எல்லாக் கார்களின் வேகமும் ஏறக்குறைய ஒன்றாகிவிட்டது. 20, 30 கார்கள் ஒன்றையொன்று ஒட்டிக்கொண்டு கூட்டமாக ஓடும் நிலை உருவானது. ஒருவர் தவறினால் பலரும் சிக்கும் ஆபத்து இதில் இருந்தது.

இத்தகைய பந்தயத்தில் காற்றே பாதி எதிராளி. காற்றே பாதி துணைவன். முன்னால் செல்லும் கார் காற்றைப் பிளந்து செல்வதால் பின்னால் வரும் காருக்கு எதிர்ப்பு குறைகிறது. இரண்டு கார்கள் சேர்ந்து ஓடினால் தனியாக ஓடும் காரைவிட வேகமாகச் செல்ல முடியும். எந்த நொடியில் யாருடன் சேர்வது, எப்போது விலகுவது என்பதே வெற்றியைத் தீர்மானிக்கும். எர்ன்ஹார்ட்டால் காற்றைக் கண்ணால் காண முடியும் என்றே ரசிகர்கள் நம்பினர். இந்தத் தகடு முறையை அவர் வெளிப்படையாகக் குறை கூறியவர். எனினும் டாலடேகாவில் பத்து முறை வென்றார். 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், ஐந்து சுற்றுகளே மீதமிருந்தபோது 18-ஆவது இடத்தில் இருந்து முன்னேறி அங்கே பெற்ற வெற்றியே அவருடைய கடைசி வெற்றியாக அமைந்தது.

இருபது ஆண்டுக் காத்திருப்பு

டேடோனாவில் பிற பந்தயங்கள் பலவற்றில் வென்றவருக்கு, முதன்மையான 500 மைல் பந்தயம் மட்டும் கைகூடவில்லை. 1986-இல் மூன்று சுற்றுகள் இருக்கையில் எரிபொருள் தீர்ந்தது. 1990-இல் 200 சுற்றுகளில் 155 சுற்றுகள் முன்னிலை வகித்தும், கடைசிச் சுற்றில் டயர் சேதமடைந்து வெற்றி டெரிக் கோப்பிடம் சென்றது. 1993-இல் கடைசிச் சுற்றில் டேல் ஜாரெட் அவரை முந்தினார். 1994-இல் அவருடைய நெருங்கிய நண்பர் நீல் பானட், பயிற்சியின்போது இதே தடத்தின் நான்காவது வளைவில் விபத்துக்குள்ளாகி இறந்தார். 1997-இல் எர்ன்ஹார்ட்டின் கார் கவிழ்ந்தது. ஆம்புலன்ஸில் ஏற்றப்பட்டவர், தம் காரின் சக்கரங்கள் நல்ல நிலையில் இருப்பதைக் கண்டு இறங்கி, நொறுங்கிய காரிலேயே பந்தயத்தை முடித்தார்.

1998 பிப்ரவரி 15 அன்று, இருபதாவது முயற்சியில், அந்த வெற்றி கிடைத்தது. தொடர்ந்து 59 பந்தயங்களில் வெற்றி காணாதிருந்த காலம் அது. பந்தயத்துக்கு முன் உடல்நலம் குன்றிய சிறுமி ஒருத்தி அவருக்கு ஒரு சென்ட் நாணயத்தைத் தந்திருந்தாள். அதைக் காரின் முன்பலகையில் ஒட்டிக்கொண்டு அவர் ஓட்டினார். வெற்றிக்குப் பின் கார் மெதுவாக வந்தபோது, போட்டி அணிகளின் பணியாளர்கள் அனைவரும் வழிநெடுக வரிசையாக நின்று அவருடைய கையைத் தொட்டு வாழ்த்தினர். யாரை அவர் அச்சுறுத்தி வந்தாரோ, அவர்களே அந்த வரிசையில் நின்றனர்.

அலட்சியமும் அதன் விலையும்

வலியைப் பொருட்படுத்தாமை எர்ன்ஹார்ட்டின் பெருமையாகக் கருதப்பட்டது. 1996-இல் டாலடேகா விபத்தில் அவருடைய மார்பெலும்பும் காறை எலும்பும் முறிந்தன. இரண்டு வாரங்களில் வாட்கின்ஸ் கிளென் தடத்தில் தகுதிச் சுற்றில் முதலிடம் பிடித்தார். மற்றவர்கள் முகம் முழுவதையும் மூடும் தலைக்கவசத்துக்கு மாறிய பின்னும், முகம் திறந்த பழைய வகையையே அவர் அணிந்தார். கழுத்தையும் தலையையும் பிடித்து நிறுத்தும் ஹான்ஸ் என்ற சாதனத்தையும் அவர் ஏற்கவில்லை.

அந்தச் சாதனம் புதியதன்று. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகப் பேராசிரியர் ராபர்ட் ஹப்பர்ட், பந்தய வீரரான தம் மைத்துனர் ஜிம் டவுனிங்குடன் சேர்ந்து 1980-களிலேயே அதை உருவாக்கியிருந்தார். கார் சுவரில் மோதி நிற்கும்போது உடலை இருக்கைப் பட்டைகள் பிடித்துக்கொள்கின்றன. ஆனால் தலையைப் பிடிக்க எதுவும் இல்லை. அது அதே வேகத்தில் முன்னோக்கிப் பாய்கிறது. அந்த இழுப்பில் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிகிறது. தோள்மீது பொருத்தப்படும் ஹான்ஸ் சாதனம், தலைக்கவசத்தை வார்களால் பிணைத்து அந்தப் பாய்ச்சலைத் தடுக்கிறது. 2000-ஆம் ஆண்டில் ஆடம் பெட்டி, கென்னி இர்வின், டோனி ரோப்பர் என மூன்று வீரர்கள் நாஸ்கார் தடங்களில் உயிரிழந்தனர். அதன் பிறகும் 2001 டேடோனா பந்தயத்தில் மிகச் சிலரே அதை அணிந்திருந்தனர்.

எர்ன்ஹார்ட்டின் மரணத்துக்கும் மண்டையோட்டின் அடிப்பகுதி முறிவே காரணம். நாஸ்கார் நடத்திய விசாரணையின் அறிக்கை ஆகஸ்டில் வெளியானது. ஷ்ரேடரின் காருடன் மோதியது, சுவரில் இடித்த கோணமும் வேகமும், இருக்கைப் பட்டை ஒன்று அறுந்தது எனப் பல காரணங்கள் ஒன்றுசேர்ந்ததாக அது கூறியது. முன்னதாக, ஆத்திரமுற்ற சில ரசிகர்கள் மார்லினுக்கு மிரட்டல் விடுத்தனர். எர்ன்ஹார்ட் ஜூனியரும் வால்ட்ரிப்பும் வெளிப்படையாக அவருக்குத் துணை நின்று, அவர் மீது குற்றமில்லை என்பதை எடுத்துரைத்தனர்.

மரணத்துக்குப் பின்

2001 பருவத்தில், ஒவ்வொரு பந்தயத்தின் மூன்றாவது சுற்றிலும் ரசிகர்கள் எழுந்து நின்று மூன்று விரல்களை உயர்த்தினர். ஜூலையில் நாஸ்கார் மீண்டும் டேடோனாவுக்கு வந்தபோது, தந்தை இறந்த தடத்தில் மகன் வெற்றி பெற்றார். அக்டோபரில் வேறொரு தொடரின் பந்தயத்தில் பிளேஸ் அலெக்சாண்டர் என்ற இளம் வீரர் உயிரிழந்ததும், கழுத்துப் பாதுகாப்புச் சாதனத்தை நாஸ்கார் கட்டாயமாக்கியது. நெப்ராஸ்கா பல்கலைக்கழகப் பொறியாளர்கள் உருவாக்கிய, எஃகுக் குழாய்களும் நுரைப்பொருளும் கொண்ட அதிர்வு தாங்கும் சுவர், 2002 மே மாதம் இண்டியானாபோலிஸ் தடத்தில் முதன்முதலாக அமைக்கப்பட்டது. பின்னர் பிற தடங்களுக்கும் அது பரவியது.

2010-இல் நாஸ்கார் புகழ்மண்டபத்தின் முதல் ஐவரில் ஒருவராக எர்ன்ஹார்ட் சேர்க்கப்பட்டார். முதன்மைத் தொடரில் நீண்டகாலம் ஒதுக்கி வைக்கப்பட்டிருந்த 3-ஆம் எண் 2014-இல் தடத்துக்குத் திரும்பியது. சில்ட்ரெஸின் பேரன் ஆஸ்டின் டில்லன், 2018-இல் அதே எண் காரில் டேடோனா 500 பந்தயத்தை வென்றார். எர்ன்ஹார்ட்டின் வெற்றிக்குச் சரியாக இருபது ஆண்டுகள் கழித்துக் கிடைத்த வெற்றி அது.

எனினும் எர்ன்ஹார்ட் விட்டுச் சென்றவற்றுள் பெரியது வேறொன்று. 2020 பிப்ரவரியில், அதே டேடோனா பந்தயத்தின் கடைசிச் சுற்றில், முன்னிலையில் இருந்த ரயன் நியூமனின் கார் சுவரில் மோதிக் கவிழ்ந்தது. விரைந்து வந்த மற்றொரு கார் அதன் மீது இடித்தது. பார்த்தவர்கள் 2001-ஐ நினைத்து உறைந்து நின்றனர். இரண்டு நாள்களுக்குப் பின், தம் இரு மகள்களின் கைகளைப் பற்றிக்கொண்டு நியூமன் மருத்துவமனையிலிருந்து நடந்து வெளியேறினார். 2001-க்குப் பிறகு நாஸ்காரின் முதன்மைத் தொடர் பந்தயங்களில் விபத்தால் எந்த வீரரும் உயிரிழக்கவில்லை. பாதுகாப்புச் சாதனத்தை மறுத்த ஒருவரின் மரணமே, அதை எவரும் மறுக்க முடியாதபடி செய்தது.